பால் காய்ச்சாத வீடு

ஆள் இல்லாத வீட்டில் எங்கிருந்துதான் இவ்வளவு தூசி வருகிறதோ என்று தையல்நாயகி வெள்ளிக்கிழமைதோறும் கேட்டுக்கொள்வாள், கேட்டுக்கொண்டே இடுப்பில் செருகிய சாவியை எடுத்துப் புது வீட்டைத் திறப்பாள், இன்றும் அப்படித்தான் திறந்தாள், செருப்பை வெளியே விட்டுவிட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள், பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை, வேலை முடிந்து மூன்று வருஷம் ஆகியும் போகவில்லை, எப்படிப் போகும், நாலு பேர் சமைத்துத் தின்று குளித்துத் தலைக்கு எண்ணெய் தடவிப் படுத்து எழுந்தால்தானே பெயிண்ட் வாசனை போய் மனுஷ வாசனை வரும். பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத்தான் இதைக் கட்டினார்கள். கட்டி முடிக்கிறவரை தலைசாய்க்க இருக்கட்டும் என்று கொல்லைப்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு ஒரு கொட்டகை இறக்கினார்கள், அந்தக் கொட்டகையில்தான் இன்னமும் அவளும் மாமியார் சம்பூரணமும் கிடக்கிறார்கள், பீரோ அங்கே, டிவி அங்கே, மழை பிடித்துக்கொண்டால் ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குக் கேட்காது. முன்னால் நின்று பார்த்தால் மேலக்காடு ஊரிலேயே பெரிய வீடு, கேட்டுக்குப் பக்கத்தில் கருப்புக் கல்லில் தங்க எழுத்தில் ‘வைரக்கண்ணு இல்லம்’. பின்னால் வந்து பார்த்தால் கொட்டகையில் ரசம் கொதிக்கிறது. வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், மேலக்காட்டில் யாரும் சிரிப்பதில்லை, தெருவுக்கு ரெண்டு வீடு இப்படிப் பூட்டித்தான் கிடக்கிறது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நின்று பால் காய்ச்சாமல் குடிபோகக் கூடாது, அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, பாய் விரித்துப் படுக்கக் கூடாது. வைரக்கண்ணு குவைத்திலிருந்து வந்து பட்டுவேட்டி கட்டி அவள் பக்கத்தில் நிற்க வேண்டும், பால் பொங்கி வழிய வேண்டும், அதற்கப்புறம்தான் எல்லாம். முதல் தடவை நாள் குறித்தபோது கம்பெனியில் லீவு இல்லை என்றுவிட்டார்கள். அடுத்த தடவை ஜோசியரிடம் போய்விட்டு வந்த வாரமே மாமனார் கண்ணை மூடினார், துக்க வீடு, ஒரு வருஷத்துக்கு நல்ல காரியம் கிடையாது. அப்புறம் மகன் சரண்ராஜைத் திருச்சியில் எஞ்சினியரிங் சேர்த்ததில் டிக்கெட்டுக்கு வைத்திருந்தது அங்கே போய்விட்டது. அதற்கப்புறம் யாரும் நாள் குறிக்கவில்லை. அவள் மட்டும் வெள்ளிக்கிழமைதோறும் வந்து கூட்டி, தண்ணீர் விட்டுத் துடைத்து, ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து புருஷன் போனுக்குக் காத்திருப்பாள். அன்றைக்குத்தான் அங்கே லீவு. புது வீட்டில்தான் சிக்னல் நன்றாக எடுக்கும், தவிர அவனுக்கும் வீட்டைப் பார்க்க வேண்டும், அஸ்திவாரம் போடும்போது பார்த்துவிட்டுப் போனவன், மீதி வீட்டை அவன் போனில்தான் பார்த்திருக்கிறான்.

கூட்டும்போது மனசு எதன்மேலும் நிற்காது, கூட்டுவதில் அது ஒரு சௌகரியம், ஆனால் இந்த வாரம் முழுக்க மனசு ஒரே இடத்தில் போய்ப் போய் மாட்டிக்கொண்டு கிடக்கிறது. போன வெள்ளிக்கிழமை அவன் வீட்டைக் காட்டு என்று கேட்கவில்லை. எப்போதும் முதல் பேச்சு அதுதான், ஹாலைக் காட்டு, மாடிப்படியைக் காட்டு, பாத்ரூம் குழாயைத் திற, சத்தம் கேக்கட்டும் என்பான். அன்றைக்கு எதுவும் கேட்காமல் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மேல ஏறுனா காலு நடுங்குது தையலு” என்றான். சாரம் கட்டுகிறவன் அவன். கட்டடத்துக்கு வெளியே அந்தரத்தில் இரும்புக் குழாய்களைப் பூட்டிப் பூட்டி மற்றவர்கள் நின்று வேலை செய்ய இடம் பண்ணிக் கொடுப்பதுதான் அவன் வேலை, இத்தனை வருஷமாக அதுதான் வேலை, அவனுக்குக் கால் நடுங்குகிறதாம். “பெல்ட்டு மாட்டிக்கிட்டுத்தான் நிக்கிறேன். இருந்தாலும் கீழ பாத்துட்டா கை தானா குழாயைப் புடிச்சிக்குது, விடுன்னா விடமாட்டேங்குது. போர்மேன் கீழேந்து கத்துறான்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்த கையோடு, ஏதோ தண்ணி குடிக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி, “நான் வந்துடட்டுமா?” என்றான். லீவுக்கு வருவதைக் கேட்கவில்லை, அது அவளுக்கு நன்றாகத் தெரியும், லீவு என்றால் லீவு எழுதிக் குடுத்திருக்கேன் என்பான். வந்துடட்டுமா என்றால் மொத்தமாக. அவள் என்ன சொன்னாள். ஒன்றும் சொல்லவில்லை. அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். வாய் பாதி திறந்தபடி, கண் பாதி மூடினபடி, மூச்சை அடக்கிக்கொண்டு, படம் நின்றுபோன மாதிரி. அந்த வித்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவன்தான். அவன் ரூமில் எல்லாரும் செய்வார்களாம். வீட்டிலிருந்து கேட்கக் கூடாததைக் கேட்டால் அப்படியே சிலையாகிவிட வேண்டும், அந்தப் பக்கம் அண்ணே, அண்ணே, படம் நின்னுபோச்சு என்று கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அவர்களே வைத்துவிடுவார்கள். தங்கை பூங்கோதை ஸ்கூட்டி கேட்டபோது அவன் அப்படித்தான் தப்பித்தான், அடுத்த லீவில் வந்தபோது அதை அவளுக்கு நடித்துக் காட்டினான், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதே வித்தையை அவள் அவன்மேலேயே போட்டாள். அவன் “தையலு” என்று ஒரு தடவை கூப்பிட்டான். ஒரே ஒரு தடவை. அப்புறம் கூப்பிடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தான், அவள் கையை மட்டும் படத்தில் விழாமல் மெதுவாக நீட்டிப் போனில் சிவப்பை அழுத்தினாள். பிறகு ‘நெட் போயிடுச்சு’ என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அதை அவன் கேட்டுவிட்டான், நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

ஹாலைக் கூட்டி முடித்துத் துடைக்க ஆரம்பித்தாள். துடைத்ததும் தரை காய ஃபேனைப் போட்டாள், சுவிட்சில் விரலை வைத்தபோதுதான் அந்த எண்ணம் வந்தது. போன வாரமும் துடைத்தாளே. துடைத்தால் ஃபேனைப் போடுவாளே. அப்படியானால் அன்றைக்கு ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா. நாற்காலி ஃபேனுக்கு நேர் கீழேதான் கிடக்கும், போனை எதிரே முக்காலிமேல் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைப்பாள், கீழேயிருந்து மேலே பார்க்கும், அதனால் அவள் முகத்துக்குப் பின்னால் எப்போதும் ஃபேன் தெரியும், உன் மூஞ்சியைவிட ஃபேன்தான் லட்சணமா இருக்கு என்று அவன் எத்தனை தடவை கேலி பண்ணியிருக்கிறான். படம் நின்றுபோனால் ஃபேனும் நின்றிருக்க வேண்டும் அல்லவா. அவனுக்குச் சரி, அவன் படுத்துக்கொண்டு பேசுகிறவன், பின்னால் வெறும் சுவர், சுவர் எங்கே அசையப்போகிறது. இவளுக்கு அது புத்தியில் உறைக்கவில்லையே. இல்லை, அன்றைக்குக் கரண்ட் போயிருந்தது, மாமியார் சீரியல் போச்சு என்று புலம்பினாளே, அது வெள்ளிக்கிழமையா வியாழக்கிழமையா, வியாழக்கிழமை என்றால் மாவு அரைத்த நாள், மாவு அரைத்தது கரண்ட் வந்த பிறகா போகும் முன்பா. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள், போனை முக்காலிமேல் வைத்துத் தன்னையே படம் பிடிக்கிற மாதிரி திருப்பிப் பார்த்தாள், அவள் தலைக்கு மேலே ஃபேன் முழுசாக, மூன்று இறக்கையும் ஒன்றாகிச் சுற்றியது. வேர்த்ததா அன்றைக்கு? வேர்த்தது என்றுதான் ஞாபகம், ஆனால் அந்தக் கேள்வி கேட்டதும் யாருக்குத்தான் வேர்க்காது. ஓடியிருந்தால் அவன் பார்த்திருப்பான், பார்த்திருந்தால் ஏன் ஒன்றும் சொல்லவில்லை, ஒன்றும் சொல்லாததால் ஓடவில்லை. அல்லது பார்த்ததால்தான் ஒன்றும் சொல்லவில்லை.

“ஏ தையலு, போனு வந்துடுச்சா?” என்று மாமியார் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டாள். சம்பூரணம் புது வீட்டுக்குள் கால் வைக்க மாட்டாள், மகன் வந்து பால் காய்ச்சட்டும் அப்புறம் வரேன் என்பாள், அவள் சொந்த மகன் வீட்டை ஜன்னல் வழியாகப் பார்த்துத்தான் சந்தோஷப்படுவாள். “இன்னும் இல்லத்த” என்றாள். “அத்த, போன வெள்ளிக்கிழமை கரண்ட் இருந்துச்சா?” மாமியார் யோசித்தாள். “கரண்ட் எப்ப இருந்துச்சு எப்ப போச்சுன்னு எனக்கு எங்க நெனப்பு இருக்குது. எதுக்குக் கேக்குற?” சும்மாதான் என்று சொல்லும்போதே கேட்டைத் தள்ளிக்கொண்டு பூங்கோதை வந்துவிட்டாள், பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள், ஸ்கூட்டியில்தான் வந்தாள், அந்தச் சிலையை ஜெயித்து வாங்கிய ஸ்கூட்டி. அவள் மகள் வயசுக்கு வந்து ரெண்டு வாரம் ஆகிறது, ஆவணியில் மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு, தாய்மாமன் சீர் வைக்க வேண்டும். “அண்ணி, அண்ணங்கிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க. நான் கேட்டா அதுக்குப் படம் நின்னுபோயிடும்” என்று பூங்கோதை சிரித்தாள், ஆக அவளுக்கும் தெரியும், எல்லாருக்கும் தெரிந்த வித்தைதான் போலிருக்கிறது, தெரிந்தும் தெரியாத மாதிரி அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறாள். “எங்க மாமியாரு இப்பவே ஊரு பூரா சொல்லிடுச்சு, குவைத்து மாமன் சீரு, பேண்டு வாத்தியத்தோட வருதுன்னு. தட்டு கொறைஞ்சா நான் அந்த வீட்டுல தலைநிமிந்து நிக்க முடியாது அண்ணி.” சொல்லும்போது அவள் கண் கலங்கியது. பொய்க் கண்ணீர் இல்லை. பூங்கோதை கெட்டவள் இல்லை, இதில் யாருமே கெட்டவர்கள் இல்லை, கெட்டவர் யாராவது ஒருத்தர் இருந்தால் பிடித்து நாலு கேள்வி கேட்டு மனசு ஆறியிருக்கும். கொடுத்த வீட்டில் அவளுக்கு மரியாதையே அண்ணன் அனுப்புவதில்தான் நிற்கிறது, அந்த மரியாதையில் ஒரு செங்கல் உருவினாலும் அவள் விழுவாள். “சொல்றேன்” என்றாள் தையல்நாயகி. கிளம்பும்போது ஞாபகம் வந்து, “பூங்கோதை, உங்க பக்கம் போன வெள்ளிக்கிழமை கரண்ட் இருந்துச்சா?” என்று கேட்டாள். “இருந்துச்சே. வியாழக்கிழமதான் நாளு பூரா இல்ல” என்று சொல்லிவிட்டு அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

சரி, இருந்தது. கரண்ட் இருந்தது என்றால் ஃபேன் ஓடியிருக்கும் என்று ஆகிவிடுமா, போட மறந்திருக்கலாம். வாளியைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள். கட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறையோடு நிற்கிறது, மெத்தையும் அப்படியே, உட்கார்ந்தால் சரசரக்கும், அதனால் அவள் அதில் உட்கார்வதில்லை, அடியில் மட்டும் துடைப்பாள். வந்துவிட்டால் இங்கேதான் படுப்பான், ஒவ்வொரு ராத்திரியும், லீவு முடியாமல். அந்த நினைப்பு வரும்போது அவளுக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இதை யாரிடம் சொல்வது, சொன்னால் காறித் துப்புவார்கள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர்கள் சேர்ந்து இருந்த நாட்களை எல்லாம் ஒட்டவைத்தால் ஒரு கைக்குழந்தை நடக்கப் பழகுகிற காலம்கூட வராது. போன தடவை வந்தவன் விடியுமுன்னே எழுந்து ஷூ மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான், அங்கே வேலைக்கு ஏற்றிப்போகிற கேம்ப் பஸ் வருகிற நேரமாம், உடம்பு தானாக எழுந்துவிடுகிறதாம். குளிக்கப் போகுமுன் கதவைத் தட்டி உள்ள யாரும் இருக்கீங்களா என்று கேட்டான், அவன் வீட்டுக் குளியலறைதான். குளித்துவிட்டுச் சோப்பைத் துடைத்து டப்பாவில் போட்டுத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான். சோற்றைப் பிசைந்தானா விழுங்கினானா என்று தெரியாத வேகத்தில் சாப்பிட்டுத் தட்டைத் தானே கழுவினான், மாமியார் அதைப் பார்த்து அழுதாள். தையல்நாயகிக்கோ பக்கத்தில் ஒரு ஆள் மூச்சு விடுவதே தூக்கம் வராமல் செய்தது. ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏற்றிவிட்டு எல்லாரோடும் சேர்ந்து அவளும் அழுதாள், நிஜமாகத்தான் அழுதாள், வீட்டுக்கு வந்து காலை நீட்டி ஒரு டீ போட்டுக் குடித்தாள், அந்த டீ அவ்வளவு நன்றாக இருந்தது. அதை நினைத்து அப்புறம் ரொம்ப நாள் வெட்கப்பட்டாள். மேஸ்திரியோடு சண்டை போட்டதும், பேங்கில் நின்றதும், காலேஜில் கையெழுத்துப் போட்டதும், கஜா புயலில் தென்னை மொத்தமும் சாய்ந்து கிடந்தபோது வெட்ட ஆள் தேடி அலைந்ததும் அவள். அவன் வந்து, படி ஏன் இந்தப் பக்கம் திரும்புது என்று கேட்பான். கேட்கிற உரிமை அவனுக்குத்தான் இருக்கிறது, குழாய் பூட்டிக் கை காய்த்தவன் அவன்தானே, இருந்தாலும் கேட்பானே என்று இருக்கிறது.

ஆனால் கால் நடுங்குகிறது என்றானே. கையை விடுன்னா விடமாட்டேங்குது என்றானே. சமையலறையில் ஒரு தடவைகூடப் பற்றாத அடுப்பின் கண்ணாடியைத் துடைக்கும்போது அவள் தன் கையைப் பார்த்தாள், குழாயைப் பிடிக்கிற மாதிரி துணியை இறுக்கிப் பிடித்திருந்தது. அவன் கை குழாயை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்துவிட்டாள். மாமனாருக்கு வந்த ஐஸ் பெட்டி ஞாபகத்துக்கு வந்தது, மூன்று நாள் கரகரவென்று ஓடியது, வைரக்கண்ணுக்கு லீவு கிடைக்கும் கிடைக்கும் என்று வைத்திருந்து கிடைக்காமல் எடுத்தார்கள், பாடை தூக்கத் தெருவில் ஆம்பளை இல்லை, எல்லாரும் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள், கடைசியில் பேராவூரணியிலிருந்து வண்டி வரவழைத்துத்தான் ஏற்றினார்கள். பங்காளி மகன் கொள்ளி வைத்தான். யாரோ போனைத் தூக்கிப் பிடித்து குவைத்தில் இருந்தவனுக்குக் காட்டினார்கள், நெருப்புப் பக்கம் போனதும் சூடு தாங்காமல் போன் அணைந்துவிட்டது, ராத்திரி கூப்பிட்டு, “அப்பா முகத்தைக் கடைசியா மூடுனது யாரு, எனக்குத் தெரியாமப் போச்சு” என்று கேட்டான், அதுவரை அழாதவன். அப்படி ஒரு பெட்டி அங்கிருந்து இங்கே வந்தால். சீச்சீ. அவள் குழாயைத் திறந்து துணியை அலசினாள். வரட்டும். வரட்டுமே, என்ன கெட்டுப்போகிறது. இதே ஊர்ச் சாமியப்பன் வரவில்லையா சவூதியிலிருந்து. வந்தான், வந்த வருஷம் கோயில் கமிட்டியில் நாற்காலி போட்டார்கள், சவூதிக்காரர் வரட்டும் என்று தேர் நின்றது. மறு வருஷம் சவூதியைக் கழற்றிவிட்டு சாமியப்பன் என்றார்கள், அதற்கும் அடுத்த வருஷம் அந்த ஆளு என்றார்கள். இப்போது அவன் பெண்டாட்டி சிங்கப்பூரில் யார் வீட்டிலோ பாத்திரம் கழுவுகிறாள், சாமியப்பன் சோறு வடித்து வைத்துவிட்டுப் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்ஸை எல்லாம் பார்க்கிறான். இருந்தால் என்ன, உயிரோடு உட்கார்ந்திருக்கிறானே. சரண்ராஜுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. காலையில்தான் அவன் பேசினான், “அம்மா, எனக்கும் அங்கயே ஒரு விசா பாக்கச் சொல்லும்மா, இங்க படிச்சு என்னத்தக் கிழிக்கிறது” என்றான், அப்பன் முகத்தை நேரில் பார்த்த நாளைவிடப் போனில் பார்த்த நாள் அதிகம் அவனுக்கு, அவனுக்கு அப்பன் என்றால் ஒரு ஊர், போய்ச் சேர வேண்டிய ஊர். இதற்கெல்லாம் என்ன முடிவு. சீர் குறைந்தால் குறையட்டும், பூங்கோதை காலில் விழுந்தாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், மரம் போன கொல்லையில் பாதியைக் கொடுத்தால் மகன் படிப்பை முடித்துவிடலாம், ஊருக்கு வந்தவன் கோழி வளர்க்கட்டும், கடை வைக்கட்டும், ஒன்றும் செய்யாமல் பஸ் நிறுத்தத்தில் உட்காரட்டும், ஷூ மாட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்காரட்டும், நான் தூக்கம் வராமல் படுத்திருக்கிறேன், பழகிவிடும், எதுதான் பழகவில்லை. வந்துடுங்க என்று சொல்லிப் பார்த்தாள். காலி அறையில் குரல் எதிரொலித்து வேறு யாரோ சொன்ன மாதிரி கேட்டது. வந்துடுங்க என்று மறுபடி சொன்னாள், இந்த முறை அவள் குரலாகவே இருந்தது, நெஞ்சில் ஏதோ ஒரு கல் புரண்டு இறங்கின மாதிரி லேசாக இருந்தது, இன்றைக்குச் சொல்லிவிடுவேன், முதல் பேச்சே அதுதான், அவன் வாயைத் திறக்குமுன்னே சொல்லிவிடுவேன்.

வெயில் இறங்கி ஜன்னல் கம்பி நிழல் தரையில் நீண்டுவிட்டது. முக்காலியில் போனைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தவள் எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினாள். ஏன் நிறுத்தினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்ததும், நிறுத்தியது தப்போ, இன்றைக்கு நின்றிருந்தால் அன்றைக்கு ஓடியது அவனுக்கு நினைவுக்கு வருமோ என்று மறுபடி எழப்போனாள், அதற்குள் போன் அடித்தது.

திரையில் அவன் வந்தான். முகம் கறுத்துச் சுருங்கி, முடி வெட்டி, பின்னால் வெறும் சுவர், சுவரில் ஆணியில் ஒரு சட்டை.

“என்ன, ஃபேனு போடலயா? வேர்த்து ஊத்துதே” என்றான்.

முதல் பேச்சு அவளுடையது என்று நினைத்திருந்தாள். “கரண்டு இல்லங்க” என்றாள், சொன்ன அதே நேரத்தில் கொட்டகையிலிருந்து மாமியாருடைய சீரியல் பாட்டு ஊருக்கே கேட்கிற மாதிரி கிளம்பியது. அவன் லேசாகச் சிரித்தான்.

“சரி, வீட்டைக் காட்டு.”

காட்டினாள். ஹாலைக் காட்டினாள், படியைக் காட்டினாள், மாடி ஜன்னலில் குருவி கூடு கட்டப் பார்க்கிறது என்று சொன்னாள், கலைச்சுடாத, இருக்கட்டும், யாராவது குடியிருக்கட்டும் என்றான். பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து போனைக் கிட்டே பிடித்தாள், தண்ணீர் விழுகிற சத்தத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான், போதும் என்று சொல்ல வெகுநேரம் ஆனது. அவள் குழாயை மூடினாள். மூடிய கையோடு, “ஏங்க, நீங்க வந்துடுங்க” என்றாள். “மொத்தமா வந்துடுங்க. நாங்க பாத்துக்கறோம். எப்படியாச்சும் பாத்துக்கலாம்.”

அவன் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் தேவலை.

“சனிக்கிழம கையெழுத்து வாங்கிட்டானுங்க தையலு. இன்னும் ரெண்டு வருஷம். அதுக்குத்தான் முந்தின நாளு உன்னைய ஒரு வார்த்தை கேட்டேன்.”

“அன்னைக்கு நெட்டு…” என்று அவள் ஆரம்பித்தாள்.

“தெரியும். நெட்டு போயிடுச்சு” என்றான், குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாக. “ஃபேனு மட்டும் சுத்திக்கிட்டே இருந்துச்சு.” கொஞ்சம் சிரித்தான். “விடு. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். பூங்கோதை மவளுக்கு என்ன சீரு வைக்கணும்னு கேட்டு வையி. கொறை வைக்காத.”

அவள் நாற்காலிக்கு வந்து உட்கார்ந்தாள். அழ வேண்டும் என்று நினைத்தாள், அழுகை வந்தது, ஆனால் அழுகைக்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது, அது என்ன என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. நிம்மதி. படிப்பு ஓடும், சீர் போகும், பூங்கோதை தலைநிமிர்ந்து நிற்பாள், கட்டிலில் பிளாஸ்டிக் உறை அப்படியே இருக்கும், ஏர்போர்ட்டிலிருந்து வந்து குடித்த அந்த டீயின் ருசி நாக்கின் அடியில் வந்து நின்றது. இப்படிப்பட்டவளா நான் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது, இருந்தும் அந்த நிம்மதி போகவில்லை. அவன் அதையும் பார்த்திருப்பானோ என்று திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள், “மேல ஏறுற வேலைதானா? வேற வேலை மாத்திக் குடுக்கச் சொல்லலாம்ல? கீழயே நிக்கிற மாதிரி.”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாய் பாதியில் நின்றது. கண் பாதி மூடி நின்றது.

“ஏங்க” என்றாள். “கேக்குதா? ஏங்க.” போனைத் தூக்கி முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள், ஜன்னல் பக்கம் நகர்ந்தாள், சிக்னல் கோடு முழுசாக இருந்தது. அவன் மூச்சு விடுகிறானா என்று பார்த்தாள். அவனுக்குப் பின்னால் ஏதாவது அசைகிறதா என்று தேடினாள், திரையின் மூலை மூலையாகத் தேடினாள். ஆணியில் சட்டை தொங்கியது. மற்றபடி சுவர்தான் இருந்தது.